1970 பியூக் ஜிஎஸ் 455: வெளித்தோற்றத்தைத் தொடாமல் கால் மைல் நேரத்தைக் குறைக்க எங்கே தொடங்குவது?

செல்வா_மிச்சிகன்

வணக்கம். டெட்ராய்ட் பக்கம் கார் வேலையில் இருக்கிற நம்ம ஆட்கள் இங்கே நிறைய பேர் என்பதால் இங்கேயே கேட்கிறேன். என்னிடம் இருப்பது 1970 பியூக் ஜிஎஸ் 455. ஸ்டேஜ் 1 (கூடுதல் சக்தியோடு கம்பெனியே கொடுத்த வகை) இல்லை, சாதாரண 455 கன அங்குல என்ஜின், டிஎச்400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் அச்சில் 3.42 கியர் விகிதம், இரண்டு பின் சக்கரத்துக்கும் சக்தியைச் சேர்க்கிற பாசிட்ராக்ஷன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கினேன். அவர் என்ஜினை முழுசாகப் பிரித்துச் சீர் செய்து வைத்திருந்தார், ஆனால் ஹெட், இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், குவாட்ராஜெட் கார்புரேட்டர் எல்லாம் கம்பெனியில் இருந்து வந்தவைதான். டயர் மட்டும் புதுசு, அதுவும் அந்தக் காலத்து ஃபயர்ஸ்டோன் வைட் ஓவல் அச்சிலேயே இப்போது செய்து விற்கிற பயஸ் பிளை (நூலடுக்குகள் சாய்வாகக் குறுக்கே ஓடுகிற பழைய வகை), அளவு ஜி70-14.

கால் மைல் டிராக்கில் கிடைத்த நல்ல டைம் ஸ்லிப் (நேரச் சீட்டு) இது: 60 அடி 2.42 வினாடி, எட்டில் ஒரு மைல் 9.52 வினாடி மணிக்கு 79.5 மைல் வேகம், கால் மைல் 14.47 வினாடி 100.1 மைல் வேகம். நானும் எரிபொருளும் சேர்த்து வண்டி எடை 3,950 பவுண்டு. கடைசி 300 அடியில் இழுப்பு கொஞ்சம் குறைகிற மாதிரி தெரிகிறது.

கம்பெனி சொன்ன கணக்கு 350 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகை ஸ்டேஜ் 1 வண்டியைச் சோதித்து 13.38 வினாடி, 105.5 மைல் என்று போட்டது. என்னுடையது ஸ்டேஜ் 1 இல்லை என்பது தெரியும், இருந்தாலும் ஒரு வினாடிக்கும் மேல் வித்தியாசம் என்றால் என்ஜினில் ஏதோ குறை என்று தோன்றுகிறது. நண்பர்கள் அலுமினிய இன்டேக், ஹெடர் (தனித்தனிக் குழாய்களாக வரும் எக்ஸாஸ்ட்), பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) போடு என்கிறார்கள். எனக்கு அதில் மனசு இல்லை. பானட்டைத் திறந்தால் 1970-ல் ஷோரூமில் நின்ற வண்டி மாதிரியே இருக்க வேண்டும், அப்படியே போய் ஒரு நாள் பியூர் ஸ்டாக் (பழைய வண்டிகள் கம்பெனி நிலையிலேயே ஓடுகிற) பந்தயத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை. எங்கே தொடங்கலாம்?

வார்ப்பிரும்பு

செல்வா, முதலில் உங்கள் ஸ்லிப்பை ஒழுங்காகப் படிப்போம், என்ஜினைப் பற்றிய பயம் அதிலேயே போய்விடும்.

கோட்டைத் தாண்டும்போது இருக்கிற வேகம் என்ஜினின் சக்தியைச் சொல்லும். நேரம் அந்தச் சக்தியில் எவ்வளவு தரைக்குப் போனது என்று சொல்லும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாத பாகங்களை வாங்குகிறார்கள். பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: வேகத்தை 234-ஆல் வகுத்து, வந்த எண்ணின் கனத்தை எடுத்து (அதே எண்ணை மூன்று முறை வைத்துப் பெருக்கி), அதை எடையால் பெருக்கினால் தோராயமான குதிரைத்திறன் வரும். உங்கள் 100.1 மைலுக்கும் 3,950 பவுண்டுக்கும் போட்டால் 309 அருகில் வருகிறது. "350 சொன்னார்களே" என்பீர்கள். அந்த 350 கிராஸ் கணக்கு. என்ஜினை மேடையில் ஏற்றி, ஏர் கிளீனர், வண்டியின் சைலன்சர் குழாய், ஆல்டர்னேட்டர் சுமை எதுவும் இல்லாமல் அளந்தது. 1972-ல்தான் பியூக்கின் தாய் நிறுவனமான ஜிஎம் இதெல்லாம் மாட்டிய நிலையில் அளக்கிற நெட் கணக்குக்கு முழுசாக மாறியது. வண்டிக்குள் உட்கார்ந்து, முழு சைலன்சர் வழியாக மூச்சு விட்டுக்கொண்டு 309 காட்டுகிற 455 நல்ல ஆரோக்கியமான என்ஜின். பியூக் அந்த எண்களை அடக்கியே எழுதியது என்று பல பேர் நம்புவதற்குக் காரணமும் இதுதான்.

சரி, 309 குதிரைத்திறனும் 3,950 பவுண்டும் இருந்தால் நேரம் என்ன வர வேண்டும்? எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் கனமூலத்தை 5.825-ஆல் பெருக்குங்கள். 13.6 வருகிறது. நீங்கள் ஓடியது 14.47. கிட்டத்தட்ட 0.85 வினாடி காணோம், அது என்ஜினில் காணாமல் போகவில்லை. 60 அடிக்கு 2.42 எடுத்திருக்கிறீர்களே, அங்கேதான் போனது. முதல் 60 அடியில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் கோட்டில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு திரும்பக் கிடைக்கும், ஏனென்றால் மீதி ஓட்டம் முழுவதும் அந்த வேகத்தின் மேல்தான் கட்டப்படுகிறது. பயஸ் பிளை டயரில் நன்றாகக் கிளம்புகிற வண்டிகள் 60 அடியை 2.0 பக்கத்தில் முடிக்கின்றன. நீங்கள் 2.05-க்கு வந்தாலே ஒரு போல்ட்டும் மாற்றாமல் 14-க்குக் கீழே.

பெரிய கேம் போடுங்கள் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த என்ஜின் நிமிடத்துக்கு 2,800 சுற்றிலேயே 510 பவுண்டு-அடி முறுக்குவிசை தருவதாகக் கம்பெனி கணக்கு. ஏற்கெனவே டயரால் தாங்க முடியாத இடத்தில் இன்னும் சக்தியைக் கொண்டுவந்து கொட்டினால் புகை வரும், நேரம் வராது.

வகுப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், பியூர் ஸ்டாக், ஃபாஸ்ட் என்ற இரண்டையும் பல பேர் ஒன்றென்று நினைக்கிறார்கள். பியூர் ஸ்டாக் என்றால் உள்ளேயும் ஏறக்குறைய கம்பெனி அளவுதான்: அந்த வண்டிக்குரிய வார்ப்புப் பாகங்கள், கம்பெனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அந்தக் கார்புரேட்டர், கேம் லிஃப்ட் கம்பெனி அளவு, சிலிண்டரைப் பெரிதாக்குவதற்குச் சின்ன அனுமதி. பல ஆண்டுகள் அது மிச்சிகன் ஸ்டான்டனில் மிட்-மிச்சிகன் மோட்டார்பிளெக்ஸில் நடந்தது. ஃபாஸ்ட் என்கிற வகுப்பு வேறு. அங்கே வெளியே பார்த்தால் ஷோரூம் வண்டி, டயரும் அந்தக் காலத்து அளவு பயஸ் பிளை, ஆனால் உள்ளே ஸ்ட்ரோக்கர் கிராங்க் (பிஸ்டன் ஓடும் தூரத்தைக் கூட்டுகிற தண்டு), புது கேம், ஹெட்டுக்குள் குடைந்த வழிகள் எல்லாம் உண்டு. அந்த ஒல்லி டயரில் 10 வினாடிகளில் ஓடுகிற வண்டிகள் அங்கே இருக்கின்றன. அதைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை, ஆனால் அது பெரிய செலவு. உங்கள் ஆசைக்கு முதல் வகைதான் வழி. எந்த ஆண்டு போகிறீர்களோ அந்த ஆண்டு விதிப்புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கிராண்ட்பெண்ட்காரன்

தம்பி, நான் ரொறன்ரோவில் இருந்து. ஒன்ராறியோவில் கிராண்ட் பெண்ட் பக்கம் இதே ஜிஎம் ஏ-பொடி (ஒரே அடிச்சட்ட வகை) வண்டிதான் ஓடுகிறேன், என்னுடையது செவெல். மேலே அண்ணை சொன்னது முழுதும் சரி, நான் கிளம்புகிற விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தண்ணீர். பர்ன்அவுட் (ரயரைச் சுழற்றிச் சூடாக்குகிற) இடத்தில் தேங்கி நிற்கிற தண்ணிக்குள் வரியே இல்லாத ஸ்லிக் டயர்க்காரர்கள்தான் போக வேண்டும். உங்கள் ரயரில் வரி இருக்கிறது, அந்த வரிக்குள் தண்ணி ஏறி, கோட்டில் நிற்கும்போது சொட்டும், நீங்களே உங்கள் ரயருக்குக் கீழே தண்ணி ஊற்றின மாதிரி. சுற்றிப் போங்கள். காய்ந்த தரையில் சின்னதாக ஒரு சுழற்று, தூசி போகும் அளவுக்கு, அவ்வளவுதான். இந்த ரயர் அதிகம் சூடானால் வழுவழுப்பாகிவிடும், பிடி கூடாது.

காற்றழுத்தத்தைக் குறைத்தால் பிடி கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்லிக்குக்கு அது சரி. பயஸ் பிளையில் ஒரு அளவுக்குக் கீழே போனால் ரயரின் நடுப்பாகம் மேலே குழிந்து, இரண்டு ஓரங்களில் மட்டும் வண்டி நிற்கும். 28-இல் தொடங்குங்கள், இரண்டு இரண்டாகக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். ரயருக்குக் குறுக்கே சோக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்த்தால் எங்கே தேய்கிறது என்று தெரியும். கோடு முழு அகலத்துக்கும் ஒரேபோல அழிகிற அழுத்தம்தான் உங்களுக்குரியது.

இனி முக்கியமானது. கிளம்பும்போது எந்த ரயர் சுழல்கிறது என்று யாரையாவது பின்னால் நின்று படம் பிடிக்கச் சொல்லுங்கள். வலது பின் ரயர் முதலில் விட்டுக்கொடுக்கும், நான் பார்க்காமலே சொல்கிறேன். டிரைவ் ஷாஃப்ட் முறுக்கும்போது பின் அச்சின் இடது பக்கம் தரையில் அழுந்தும், வலது பக்கம் மேலே கிளம்பப் பார்க்கும். அதே நேரம் என்ஜின் வண்டியின் உடலை எதிர்ப் பக்கம் திருப்பும், அந்தத் திருப்பம் வலது பின் ஸ்பிரிங்கை அழுத்தி இந்தக் கிளம்புதலைச் சரிக்கட்ட வேண்டும். ஆனால் முன்பக்கத்து ஸ்வே பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கிற கம்பி) அந்தத் திருப்பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, பின்னுக்கு வருவது குறைந்துபோகிறது. அதனால்தான் டிராக்கில் முன் ஸ்வே பாரின் லிங்க்கைக் கழற்றிவிட்டு ஓடுகிறார்கள். கவனம், ரோட்டுக்குப் போக முதல் திரும்பவும் பூட்டுங்கள், வளைவில் இந்த வண்டிக்கு அது வேண்டும்.

இன்னொன்று, பின் காயில் ஸ்பிரிங்குகளுக்குள் வைக்கிற சின்னக் காற்றுப் பைகள். வெளியே தெரியாது, விலையும் குறைவு. இடதில் கொஞ்சக் காற்று, வலதில் அதைவிடக் கூட. வண்டி நேராகக் கிளம்பி இரண்டு ரயரும் ஒரேபோலக் கோடு போடும் வரை கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வகுப்பில் இதை ஒத்துக்கொள்வார்களா என்று சோதனை அதிகாரியிடம் முதலே கேளுங்கள்.

கடைசியாகக் கால். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றைக் கூட்டிக் கிளம்புவதை விடுங்கள். ஐடிலில் நின்று, பச்சைக்கு முதல் மஞ்சளில் பெடலைப் பாதி கொடுத்து, வண்டி இரண்டு மூன்று அடி நகர்ந்தபின் முழுசாக அழுத்துங்கள். அந்தக் கால் பழக்கத்துக்கு எந்தப் பாகமும் ஈடில்லை.

குவாட்ராஜெட்_பித்தன்

கடைசி 300 அடியில் இழுப்பு குறைகிறது என்று எழுதியதை எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள், எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

இது சுற்று தீர்ந்துபோய் வருகிற குறை இல்லை. உங்கள் 3.42 கியரில், ஏறக்குறைய 26.5 அங்குல டயரில், 100 மைலுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கன்வெர்ட்டர் வழுக்கலையும் சேர்த்தால் 4,500 சுற்று சொச்சம். இந்த என்ஜின் 4,600-ல் உச்ச சக்தி தருகிறது. அதாவது கோட்டைத் தாண்டும்போது நீங்கள் சரியாக உச்சத்தில் இருக்கிறீர்கள், கியரைத் தொடவே வேண்டாம். அங்கே இழுப்பு குறைந்தால் பெட்ரோல் போதவில்லை என்பதுதான் என் முதல் சந்தேகம்.

குவாட்ராஜெட்டின் பெட்ரோல் தொட்டி மிகச் சின்னது. முதல் இரண்டு கியரில் இருப்பதைக் குடித்துவிடும், மூன்றாவதில் பம்ப் கொண்டுவருவதை நம்பித்தான் ஓடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழைகிற நட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்து ஒரு குட்டி ஃபில்டர் இருக்கும், அதை எப்போது மாற்றினீர்கள்? அடுத்து டேங்குக்குள் இருக்கிற வலை, பம்புக்கு முன்னால் இருக்கிற ரப்பர் குழாய்கள். பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில் ஒரு குழாய் வெடித்திருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறது. உறுதி செய்ய ஒரு பிரஷர் கேஜைக் கண்ணாடிக்கு வெளியே, வைப்பர் பக்கம் ஒட்டி ஓடிப் பாருங்கள். பெட்ரோல் குழாயை ஒருபோதும் கேபினுக்குள் கொண்டுவராதீர்கள். கடைசிக் கியரில் முள் 3 பவுண்டுக்குக் கீழே சரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

கார்புரேட்டரில் இன்னும் சில இடங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரைப் பெடலை முழுசாக அழுத்தச் சொல்லி, நீங்கள் மேலே இருந்து, பெடலை ஆழமாக அழுத்தினால் மட்டும் திறக்கிற பின்பக்கத்து இரண்டு தட்டுகளும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். தரைக் கார்பெட் தடுத்தே முழுசாகத் திறக்காத வண்டிகள் எத்தனையோ. சோக் முழுசாகத் திறக்கவில்லை என்றால் ஒரு சின்ன லீவர் பின்பக்கத்தைப் பூட்டியே வைத்திருக்கும், அது இந்தக் கார்புரேட்டரின் அமைப்பு. பின்பக்கத்து ஏர் வால்வு சட்டென்று திறந்தால் வண்டி ஒரு கணம் மூச்சடைக்கும். மிக மெதுவாகத் திறந்தால் நேரம் போகும். அதன் ஸ்பிரிங் முறுக்கைக் கால் சுற்றுக்கும் குறைவாகக் குறைவாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓடிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

இக்னிஷன் டைமிங்: மொத்த அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் பொறி விழுகிறது என்பது) 32 பாகை பக்கம் வைத்து, அது 2,800 சுற்றுக்குள் முழுசாக வந்துவிடும்படி டிஸ்ட்ரிபியூட்டர் எடைகளின் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுங்கள். வாக்குவம் அட்வான்ஸைக் கழற்ற வேண்டியதே இல்லை, முழு பெடலில் வாக்குவம் விழுந்துவிடும், அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். இந்த வண்டி ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலுக்குக் கட்டியது, 10-க்கு 1 கம்ப்ரஷன், இரும்பு ஹெட். பம்பில் கிடைக்கிற 93 ஆக்டேன் பெட்ரோலில் வெயில் நாளில் தட்டுச் சத்தம் கேட்டால் இரண்டு பாகை பின்வாங்குங்கள். சத்தம் கேட்டும் ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.

ஆயில் பிரஷரையும் பாருங்கள், சூடான நிலையில். 455-ல் ஆயில் பம்ப் முன்பக்கத்து அலுமினிய மூடிக்குள்ளேயே இருக்கிறது. அந்த அலுமினியம் தேயத் தேயப் பிரஷர் விழும். என்ஜினைச் சீர் செய்தவர் அந்த இடைவெளியை அளந்தாரா என்று கேளுங்கள். டிராக்குக்குப் போவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

சுப்பு_டெக்சஸ்

எல்லாம் சரி நண்பர்களே, ஆனால் இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஒரு ஜோடி டிராக் ரேடியல் (பந்தயத்துக்கான ஒட்டும் டயர்) மாட்டினால் 60 அடி அன்றைக்கே 1.8-க்கு வந்துவிடுமே? டிராக்குக்கு ஒரு டயர், ஷோவுக்கு ஒரு டயர். எதற்கு வீம்பு?

வார்ப்பிரும்பு

சுப்பு, வரும், மறுக்கவில்லை. வேகமான வண்டிதான் வேண்டும் என்றால் உங்கள் வழி சரியான வழி.

ஆனால் செல்வா கேட்டது வேறு. 1970-ல் ஒருவர் ஷோரூமில் கையெழுத்துப் போட்டு, இந்த டயரோடு, இந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு ஓட்டிப்போன வண்டியால் உண்மையில் என்ன முடியும் என்பதுதான் இந்த வகுப்பு கேட்கிற கேள்வி. ஐம்பது வருஷமாக யாருடைய வண்டி வேகம் என்று பெட்ரோல் பங்க்கில் நின்று வாதாடியதற்கெல்லாம் அங்கேதான் பதில் கிடைக்கிறது. எல்எஸ்6 செவெல், 428 கோப்ரா ஜெட், 440 சிக்ஸ் பேக், டபிள்யூ-30 ஓல்ட்ஸ் மாதிரி அந்தக் காலத்து வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி ஒல்லி டயரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். டயரை மாற்றிவிட்டால் அந்தக் கேள்வியே போய்விடுகிறது. அப்புறம், டயர் பிடி குறைவாக இருப்பதால்தான் ஓட்டுகிறவர் கைத்திறன் வெளியே தெரிகிறது. ஒட்டும் டயரில் யார் வேண்டுமானாலும் பெடலை மிதிக்கலாம்.

கெட்டியாகப் பிடிக்கிற டயர் இந்தப் பழைய பின் அச்சுக்கும் கியருக்கும் கொடுக்கிற அடியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வழுக்குகிற டயர் அவற்றுக்கு ஒரு காப்பு.

செல்வா, எந்தக் காரணத்துக்காகவும் அந்த ஹெட்டையும் இன்டேக்கையும் கழற்றி விற்றுவிடாதீர்கள். அந்த வார்ப்புகளை இனி யாரும் செய்யப் போவதில்லை.

செல்வா_மிச்சிகன்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை போய் வந்தேன். தண்ணீரைச் சுற்றிப் போனேன், முன் ஸ்வே பார் லிங்க்கைக் கழற்றினேன், டயர் அழுத்தம் சோக்குக்கட்டிக் கோட்டின்படி 30-ல் நின்றது, ஐடிலில் இருந்து கிளம்பினேன். காற்றுப் பை இன்னும் வாங்கவில்லை, கார்புரேட்டரையும் தொடவில்லை. புது ஸ்லிப்: 60 அடி 2.16, கால் மைல் 14.08, வேகம் 100.3 மைல்.

கிராண்ட் பெண்ட் அண்ணா சொன்ன மாதிரியே வீடியோவில் வலது டயர்தான் சுழல்கிறது, இடது டயர் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. பாசிட்ராக்ஷன் இருந்தும் ஏன் இப்படி? அப்புறம் குவாட்ராஜெட் நட்டைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே இருந்த ஃபில்டர் துரு நிறத்தில் இருக்கிறது.

குவாட்ராஜெட்_பித்தன்

துரு நிறம் என்றால் டேங்க்கில் இருந்து வருகிறது. ஃபில்டரை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் திரும்ப அடைக்கும். டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்யுங்கள், இல்லை அதே வடிவத்தில் புது டேங்க் கிடைக்கிறது, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வலையையும் அதோடு மாற்றிவிடுங்கள்.

கிராண்ட்பெண்ட்காரன்

பார்த்தீர்களா, வேகம் அதே 100, நேரம் 0.39 குறைந்தது. சந்தோஷம் தம்பி.

ஒரு ரயர் மட்டும் சுழல்வது பாசிட்ராக்ஷன் கிளட்ச் தட்டுகள் தேய்ந்த அறிகுறி. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மற்றதைத் தரையில் விட்டு, முன் சக்கரங்களுக்கு அடைப்பு வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, தூக்கின சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் தட்டுகள் முடிந்துவிட்டன, கிட் வாங்கிப் போடுங்கள். புது ஆயிலோடு அந்த வகைக்குரிய அடிட்டிவ் ஊற்ற மறக்க வேண்டாம், ஊற்றாவிட்டால் வளைவில் கடகடக்கும். தட்டுகளைச் சரி செய்த பிறகுதான் காற்றுப் பை, இல்லாவிட்டால் அதன் பலன் உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, இந்த இரண்டும் முடிந்ததும் நீங்கள் 14-க்குக் கீழே போவது நிச்சயம். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி 13.99-க்கும் அதற்குக் கீழும் ஓடுகிறவருக்கு ஹெல்மெட் கட்டாயம், அதுவும் ஸ்னெல் மாதிரி ஒத்துக்கொண்ட பாதுகாப்பு முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். முத்திரையின் ஆண்டையும் பார்ப்பார்கள், பழசு என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டிராக்குக்குப் போக முதலே வாங்கி வையுங்கள்.